பெல்ட் சாலையில் நிற்கிறவன்

ஸிதுலேனி,
4 பிப்ரவரி 2023

தம்பி ஆமோஸ்,

நீ இருந்தால் நானும் இருக்கிறேன். நம் அப்பா இருந்தவரை வாசலில் யாரைக் கண்டாலும் முதலில் சொன்னது இதுதான். முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் தொடங்குமுன் சிறை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை வாங்கி வை. எனக்கு ரத்த அழுத்தம் பழையபடிதான். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கும் வார்டனுக்கும் என் வணக்கம்.

ரூய்கொப் மின்நிலையத்தின் கடைசிக் கொதிகலன் அணைந்து நான்கு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வருடம் அந்தக் கொதிகலன்களின் தண்ணீரைச் சோதித்தவன் நான். அணைக்கும் பொத்தானை அழுத்தும் மரியாதையை லொங்வானேக்குக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். என்னைக் கேட்காமல் ஒரு குவளைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சொல்லத் தெரியாதவன் அவன். தலைமை வேதியியலர் நாற்காலியும் அவனுக்குத்தான் போயிற்று. அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

நிலையத்தின் சாம்பல் கொட்டிய நிலத்தில் இப்போது சோலார் பேனல் பதிக்கிறார்கள். நம் வட்டத்துக்கு நூற்று நாற்பது வேலை, மூன்று மாதப் பயிற்சியோடு. கேட்டவர்கள் மூவாயிரத்துக்கு மேல். நிறுவனத்தின் ஊர்த் தொடர்பு அதிகாரி நான்தான். பெயர்ப் பட்டியல் என் கையில். பக்கத்து வட்டத்தில் இதே வேலையில் இருந்தவரைப் போன மாதம் அவர் வீட்டு வாசலில் சுட்டுவிட்டார்கள். ஆகவே நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

சென்ற சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் குலுக்கல் நடந்தது. என் ஆய்வகத்தில் இருந்த நீல டிரம்மைக் கொண்டுவந்தேன். மாணவன் ஒருவனின் டையால் என் கண்ணைக் கட்டினார்கள், யாரும் குறை சொல்லக் கூடாது என்று. எடுத்தவன் நான். நாற்பத்தொன்றாவதாக வந்த பெயர் மங்கோபா மகாகுலா. உன் மகன். கூட்டத்தில் விசில் பறந்தது.

ஃபானி ஜெலேயின் பதினொரு நிலக்கரி லாரிகளும் துருப்பிடித்து நிற்கின்றன. பாதி வேலை தன் ஆட்களுக்கு வேண்டும் என்கிறார். "யாருடைய ஆட்கள்?" என்று கேட்ட கடைக்காரர் மோலோயின் கையைக் கடைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். மூன்று விரல் போயிற்று. இப்போது அவர் இடது கையால் ரொட்டி நிறுக்கிறார்.

பரோல் தாள் வந்தது. வெளியே வந்தால் நீ தங்க என் வீட்டு விலாசம் வேண்டுமாம். நிதானமாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
எலியாஸ்


மலையடிச் சிறை, நான்காம் பிரிவு,
20 பிப்ரவரி

அண்ணா,

நீ இருக்கிறாய் என்றால் நானும் இருக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. ஆனால் போன ஞாயிறு பக்கத்துக் கட்டிலில் இருந்தவனைத் தீட்டிய கரண்டிக் காம்பால் மூன்று பேர் குத்தினார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போனதில் மறுபடி வீங்கிவிட்டது. அவன் பிழைக்கவில்லை.

மங்கோபாவுக்கு வேலை கிடைத்தது படித்து மூன்று நாள் சிரித்துக்கொண்டே திரிந்தேன். அவன் அம்மா போன பிறகு உன் வீட்டுப் பின்னறையில்தான் வளர்ந்தான். அவனுக்கு நீ செய்ததை நான் மறக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தக் குலுக்கலில் உன் கை வேலை ஏதாவது இருந்ததா? இருந்தாலும் என் மகன் விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். இருந்தால் அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவன் அவன் அம்மா மாதிரி.

ஜெலேயிடம் ஜாக்கிரதையாக இரு. அவருடைய போட்டிக்காரரின் லாரியை நான் ஏன் கொளுத்தினேன், அதில் அந்த ஓட்டுநரின் முகம் எப்படி வெந்தது என்று இங்கே தினமும் நினைக்கிறேன். யார் கொளுத்தச் சொன்னது என்று நீதிமன்றத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து வருடத்தில் எனக்கு ஒரு பொட்டலம் புகையிலைகூட அவர் அனுப்பவில்லை.

பரோல் தாளில் கையெழுத்துப் போடு அண்ணா. உன்னைவிட்டால் எனக்கு விலாசம் கிடையாது.

தம்பி,
ஆமோஸ்


ஸிதுலேனி,
17 மார்ச்

தம்பி,

நான் இருக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே. உன் வீக்கத்துக்கு உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடு.

உன் மகன் எனக்குச் செய்த கைம்மாறை எழுதுகிறேன்.

போன ஞாயிறு சமுதாயக் கூடத்தில் வட்டக் கூட்டம். நானூறு பேர் இருப்பார்கள். பயிற்சி எப்படி நடக்கிறது என்று நான் எழுந்து விளக்கிக்கொண்டிருந்தேன். மங்கோபா பின்வரிசையில் கையைத் தூக்கினான்.

"பெரியப்பா, ஒரு நிமிஷம். இது குலுக்கல்ல வந்த என் பேரு எழுதின அட்டை. ராசின்னு எடுத்து வச்சிருந்தேன். இது பேனல் பெட்டிக்குள்ள வர்ற தடித்த அட்டை. வேலை கெடைக்காதவங்க தாளெல்லாம் நோட்டுல கிழிச்ச மெல்லிசுத் தாளு. கண்ணைக் கட்டினாலும் விரலுக்குத் தெரியாதா?"

யாரோ ஒருத்தி, "அட, வேதியியல் வாத்தியார்டா! விரலாலேயே சோதனை பண்றாரு!" என்று கத்தினாள். கூடம் சிரித்தது. லொங்வானேயும் அங்கே இருந்தான். அவன் சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் சொன்னேன்: "நீ சின்னப் பையன். உக்காரு."

"உக்காரேன் பெரியப்பா. ஆனா முதல்ல இதைப் பிடிங்க. என் அட்டையும் தடிச்சதுதான். அப்ப நானும் திருடன்தான். என் எடத்தை நான் திருப்பிக் குடுக்கறேன். மறுபடியும் குலுக்குங்க. எல்லாருக்கும் ஒரே தாளு."

அட்டையை நீட்டினான், என் கையில் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாற்காலிகள் பறந்தன. ஜெலேயின் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவன் இரும்புக் குழாயால் அடித்ததில் தேவாலயப் பாடகர் ஒருவரின் தாடை உடைந்தது. மங்கோபாவை நான்கு பெண்கள் சூழ்ந்து வெளியே கொண்டுபோனார்கள். என்னை யாரும் சூழவில்லை. பின்கதவு வழியாக நான் தனியாகப் போனேன்.

தம்பி, பதினைந்து வயதில் நீ பள்ளியை விட்டு லாரி ஏறியதால்தான் நான் பல்கலைக்கழகம் போனேன் என்று இந்த ஊரில் எனக்கு நினைவூட்டாத ஆள் இல்லை. உன் மகனுக்கு நான் ஒன்று செய்தேன், ஒரே ஒன்று. அதை நானூறு பேர் முன்னால் என் முகத்தில் விட்டெறிந்தான். ஜெலே கேட்ட பெயர்களோடு அவன் பெயரையும் சேர்த்துத் தடித்த அட்டையில் எழுதினேன். அவனுக்காகத்தான் எழுதினேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது. வார்டன் படிக்கட்டும். இந்த நாட்டில் இது ஒரு குற்றமா?

பரோல் தாள் மேசைமேல்தான் இருக்கிறது. இப்போது எனக்கு நேரமில்லை.

எலியாஸ்


மலையடிச் சிறை,
2 ஏப்ரல்

அண்ணா,

நான் இருக்கிறேன். உன் ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறை. தண்ணீரில் உப்பு பார்க்கத் தெரிந்தவன் தட்டில் பார்க்க மாட்டேன் என்கிறாய்.

மகன் செய்ததற்கு உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். பெரியவரைக் கூட்டத்தில் வைத்து அப்படிப் பேசியது தப்பு. சிரிப்பும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவன் அம்மா கல்யாணத்தன்று நம் அப்பா பரிசமாகக் கொண்டுவந்த மாட்டில் ஒன்று நொண்டி என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா?

சிரிப்பெல்லாம் அன்றோடு போயிற்று. இப்போது பயமாக இருக்கிறது. ஜெலே எப்படி யோசிப்பார் என்று எனக்குத் தெரியும். நான் அவருக்காக யோசித்தவன். அவருக்கு மங்கோபாமேல் கோபம் இருக்காது. அந்த அட்டைமேல்தான் இருக்கும்.

மறுபடி குலுக்கும்வரை பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள், சைக்கிளில் பெல்ட் சாலை வழியாகத்தான் போகிறேன் என்று மங்கோபா எழுதியிருந்தான். நிலக்கரி ஓடிய அந்தப் பெல்ட்டுக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டரில் ஒரு வீடு இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே ஒரு நாய்கூட இராது. உன் பிக்கப் வண்டியில் அவனைக் கூட்டிக்கொண்டு போ. நீ அவனோடு பேச வேண்டாம். ரேடியோ போட்டுக்கொள். நான் வெளியே வரும்வரை அங்கே அவனுக்கு நீதான் அப்பன்.

ஆமோஸ்


ஸிதுலேனி,
30 ஏப்ரல்

தம்பி,

சிறைப் போதகர் உன்னிடம் சொல்லியிருப்பார். அடக்கத்துக்கு உன்னை விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, பெல்ட் சாலையில், பெல்ட்டைத் தாங்கும் மூன்றாம் கோபுரத்தின் அடியில். வெள்ளைக் கார். இரண்டு பேர். பதினொரு தோட்டா உறைகளைப் போலீஸ் எண்ணிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டது. ஏழு குண்டு உடம்பில், இரண்டு சைக்கிள் சட்டத்தில், இரண்டு தூணில். அவன் தூணுக்குப் பின்னால் போகப் பார்த்திருக்கிறான். ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் எதுவும் இல்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து அவனை நான்தான் தினமும் கூட்டிக்கொண்டு போனேன். வண்டிக்குள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று வண்டி கிளம்பவில்லை. பேட்டரி.

நேற்று அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். மண் ஈரமாக இருந்தது. ஆட்கள் நிறைய வந்தார்கள்.

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

எலியாஸ்


மலையடிச் சிறை,
9 மே

அண்ணா,

நீ இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிறேன். இருக்கிறாயா?

போதகர் சொன்ன அன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். எட்டுத் தையல். மூன்று நாள் தனி அறையில் கட்டி வைத்திருந்தார்கள். அது நல்லதாயிற்று. அந்த அறைக்கு வெளியே இருந்திருந்தால் யாரையாவது கொன்றிருப்பேன், சம்பந்தமில்லாத எவனையாவது.

இப்போது அழுகை இல்லை. வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. உன் கடிதத்தை ஆறு தரம் படித்தேன். தோட்டாக்களை எழுதியிருக்கிறாய், மண்ணை எழுதியிருக்கிறாய். அவனை யார் போய்க் கூட்டி வந்தது என்று எழுதவில்லை.

உடம்பைப் புதைத்துவிட்டீர்கள். அவன் இன்னும் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறான். ரத்தம் சிந்திச் செத்தவன் தானாக வீடு திரும்ப மாட்டான். உனக்குத் தெரியாததா? அப்பாவைச் சுரங்க வாசலிலிருந்து சித்தப்பா கூட்டி வந்தபோது நாம் இருவரும் பின்னால் நடந்தோமே.

காட்டிலந்தைக் கிளை ஒன்று வெட்டு. விழுந்த இடத்தில் கிளையை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடு. எந்த வழியாகப் போகிறோம், எங்கே திரும்புகிறோம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வா. வண்டியில் ஏறினால் அவனுக்கும் ஒரு இடம் பிடி. அறையில் கிளையை வைக்கும்வரை உயிரோடு இருக்கிற யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. அவனிடம் மட்டும் பேசு. பொய் சொன்னால் வர மாட்டான்.

நான் அப்பன். ஆனால் நான் உள்ளே இருக்கிறேன். குடும்பத்தில் வெளியே இருக்கிற ஆண் நீ மட்டும்தான்.

ஆமோஸ்


ஸிதுலேனி,
11 ஜூன்

தம்பி,

நான் இருக்கிறேன். தலைத் தையல் ஆறிவிட்டதா? இங்கே காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுகிறது. எல்லா வீட்டிலும் கரி அடுப்புதான். மின்நிலையம் மூடினாலும் புகை போகவில்லை.

நீ சொன்ன காரியம் உடனே முடிகிறதாக இல்லை. அந்த இடத்தைப் போலீஸ் வேலியடைத்து வைத்திருக்கிறது. மேலும் நான் விஞ்ஞானம் படித்தவன். ஒரு கிளையோடு வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன் மனைவி வழியில் ஒரு மாமன் இருக்கிறாரே, அவரைக் கேட்கலாம்.

ஊர் நிலவரம் மோசம். அடக்கத்துக்கு ஜெலே ஒரு காளையோடு வந்தார். "நம்ம பிள்ளை போயிட்டானே" என்று சவப்பெட்டிமேல் கை வைத்து அழுதார். பயிற்சியில் மங்கோபாவோடு இருந்தவர்கள் அந்தக் காளையை வெட்ட மறுத்துவிட்டார்கள். மறுவாரம் அவருடைய இரண்டு லாரிகளை எரித்தார்கள். காவல்காரருக்கு ஒரு கண் போயிற்று. பதிலுக்கு ஜெலேயின் ஆட்கள் பயிற்சிக் கூடத்துக்குள் புகுந்து முன்னூறு பேனல்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். ஒரு பெண்ணின் முதுகில் கண்ணாடி ஏறியது. இப்போது துப்பாக்கிக் காவலோடு வேலை நடக்கிறது. நூற்று நாற்பது வேலைக்கு இவ்வளவு.

என்மேலும் முணுமுணுப்பு இருக்கிறது. நான் பிள்ளையைக் கவனிக்கவில்லையாம். அன்று காலை எர்மெலோவில் தொழிலாளர் அலுவலகத்தில் இருந்தேன். போன் வந்ததும் எழுபது கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவன் நான். அவன்மேல் துணி போர்த்தியது நான். லொங்வானேயா போர்த்தினான்?

எலியாஸ்


மலையடிச் சிறை,
24 ஜூன்

அண்ணா,

நான் இருக்கிறேன்.

இங்கே படிக்க எனக்கு வேறு எதுவும் இல்லை. உன் கடிதங்களைத்தான் வரிசையாக வைத்துப் படிக்கிறேன். ஏப்ரலில் வண்டி கிளம்பவில்லை என்று எழுதினாய். ஜூனில் அதே காலை அதே வண்டியை எர்மெலோவிலிருந்து ஓட்டி வந்தேன் என்கிறாய்.

நான் எதுவும் கேட்கவில்லை. மாமனை அனுப்பாதே. நீயே போ.

ஆமோஸ்


மலையடிச் சிறை,
30 ஆகஸ்ட்

அண்ணா,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. இருக்கிறாயா?

போன வாரம் என் கட்டிலில் ஒரு பொட்டலம் புகையிலை இருந்தது. நல்ல ரகம். ஐந்து வருடத்தில் முதல் தரம். புதிதாக வந்த ஒருவன் வைத்தானாம். குளிக்கும் இடத்தில் பக்கத்தில் வந்து, "ஜெலே ஐயா விசாரிச்சாரு. அண்ணன் ஏதாச்சும் எழுதறாரா?" என்று கேட்டான். "எங்கண்ணன் தண்ணியைப் பத்திதான் எழுதுவாரு" என்றேன். சிரித்தான். அவன் இடுப்பில் எதையோ செருகியிருந்தான். புகையிலையைக் கழிவறையில் கொட்டினேன். அன்றிலிருந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி பரோல் குழு கூடுகிறது. தாள் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம். அது எனக்குப் பெரிதில்லை. அவன் அந்தக் குளிர் முழுக்க அங்கே நின்றான். இப்போது காற்றுக் காலம். சாம்பல் பறக்கும்.

ஆமோஸ்


ஸிதுலேனி,
23 செப்டம்பர்

தம்பி ஆமோஸ்,

நான் இருக்கிறேன். எழுதும் இந்த நேரம் வரை இருக்கிறேன்.

மங்கோபா வீட்டுக்கு வந்துவிட்டான். கிளை என் மடியில் இருக்கிறது. இன்னும் கீழே வைக்கவில்லை. எழுதுவது பேசுவதாகாது என்று நம்புகிறேன்.

காலையில் ஓடைக்கரையில் கிளை வெட்டினேன். அந்த மரத்தில் ஒரு முள் நேராகவும் அடுத்தது கொக்கி போலவும் இருக்கும். நேர்முள் குத்தியது, கொக்கிமுள் இழுத்தது. கை முழுக்க ரத்தம். பிக்கப் வண்டியை எடுக்கவில்லை. அன்று ஏற்றாத வண்டியில் இன்று ஏறு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது கிலோமீட்டரில் பாதியை நடந்தேன்.

மூன்றாம் கோபுரத்தின் அடியில் வேலி எதுவும் இல்லை. நான் உனக்கு எழுதியது பொய். சுண்ணாம்பு வட்டங்களை மழை எப்போதோ கழுவிவிட்டது. தூணில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. கிளையைத் தரையில் வைத்து, "மங்கோபா, பெரியப்பா வந்திருக்கேன். வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. வந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கிளை கனத்தது. கை வலியாகவும் இருக்கலாம்.

சாலை முனையில் டாக்சி வேன் நின்றது. ஓட்டியவன் தொலானி. ஜெலேயின் தங்கை மகன். வேறு வேன் இல்லை.

"எத்தனை பேரு ஐயா?" என்றான். பேசக் கூடாதே. இரண்டு பேருக்கான காசை நீட்டினேன். கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "ஏய், தள்ளி உக்காருங்க. பெரியவர் ஆளோட வர்றாரு." ஜன்னல் ஓர இடத்தைக் காலி செய்தார்கள். அங்கே கிளையை வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். வேனில் பதின்மூன்று பேர்.

வழி சொல்லத் தொடங்கினேன். "மங்கோபா, பெட்ரோல் பங்க் தாண்டறோம். இதோ நீ வேலை பாத்த எடம். பேனல் எல்லாம் நிமிந்து நிக்குது பாரு." அதற்குமேல் வாய் நின்றுவிட்டது. பேசாவிட்டால் வழியில் தங்கிவிடுவான் என்று பயம். வேறு எதைப் பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"மங்கோபா, செவ்வாக்கெழமை ஜெலே என் ஆபீசுக்கு வந்தாரு. வியாழக்கெழமை ஜோஹானஸ்பர்க்லேந்து வர்ற தணிக்கைக்காரங்ககிட்ட அட்டையைக் காட்டப் போறது யாருன்னு கேட்டாரு. உன் பேரைச் சொன்னேன். எந்த வழியா வருவான்னாரு. பெல்ட் சாலைன்னு சொன்னேன். உன் வண்டியில கூட்டிட்டுப் போறியாமேன்னாரு. வியாழக்கெழமை கூட்டிட்டுப் போகலைன்னு சொன்னேன். துப்பாக்கி எதையும் காட்டல. டீ குடிச்சிட்டுப் போனாரு. கால ஒடைப்பாங்கன்னு நெனச்சேன்னு ஊர்ல கேட்டா சொல்லலாம். உன்கிட்ட சொல்ல முடியல. நெனக்கவே இல்ல. அந்த அட்டை போகணும், நீ என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் நெனச்சேன்."

தொலானி பிரேக் போட்டான். வேன் சாலையோரம் போய் நின்றது.

"எறங்குய்யா. எங்க மாமனைப் பத்தி என் வண்டியிலயா? எறங்கு!"

நான் பேசவில்லை. பேசவும் கூடாது. பின்னாலிருந்து முட்டைக்கோசு மூட்டையோடு வந்த பெண் எழுந்தாள்.

"ஓட்டுடா! செத்தவன் காசு குடுத்து ஏறியிருக்கான். நடுவழியில எறக்கிவிட்டா ஆயுசுக்கும் உன் வண்டியிலதான் உக்காந்திருப்பான். அப்புறம் எவ ஏறுவா இதுல?"

அவன் என்னைக் கண்ணாடியில் பார்த்தான். ஓட்டினான். நான் மறுபடி மங்கோபாவிடம் பேசத் தொடங்கினேன். பதின்மூன்று பேரும் கேட்க வேண்டும் என்பதற்காக அல்ல. நிறுத்த முடியாமல் பேசினேன். தடித்த அட்டை, நாற்பது பெயர், எர்மெலோவுக்குப் போய் உட்கார்ந்திருந்தது, போனுக்காகக் காத்திருந்தது, எல்லாவற்றையும். நம் தெருவில் இறங்கும்போது சீருடையில் இருந்த ஒரு நர்ஸ் கூடவே இறங்கினாள். "நான் எல்லாத்தையும் கேட்டேன். போலீசுக்கு சொல்லப் போறேன்" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

போலீசுக்குப் போன் செய்துவிட்டு இப்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அதில் இருப்பவர்களும் இந்த ஊரில் பிறந்தவர்கள்தான். கையில் கிளை இருக்கிறவனைத் தொட மாட்டார்கள். போலீஸ் வண்டி இன்னும் வரவில்லை. யார் முந்துவார்கள் என்பது நான் எவ்வளவு நேரம் எழுதுகிறேன் என்பதைப் பொறுத்தது.

பரோல் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். விலாசம் இந்த வீடு. உனக்குப் பின்னறை. அவன் அங்கேதான் இருப்பான். நான் முன்னறையில் படுப்பேன். கதவைத் தாழிட மாட்டேன். ஏன் என்று உனக்குப் புரியும்.

உறையை வாசலில் நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கிளையைக் கொண்டுபோய் வைப்பேன். அதன்பிறகு யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லலாம்.

உன் அண்ணன்,
எலியாஸ்


மலையடிச் சிறை,
16 அக்டோபர்

அண்ணா,

நான் இருக்கிறேன். நீ இருக்கிறாய் என்று செய்தித்தாளில் பார்த்தேன். போலீஸ் முந்திக்கொண்டதாம். ஜெலேயையும் சுட்டவர்களில் ஒருவனையும் பிடித்துவிட்டார்களாம். நீ அரசுத் தரப்பில் சாட்சி சொல்லப் போவதால் உன்னை ஜாமீனில் வீட்டில் விட்டிருக்கிறார்களாம். ஒளிந்திருக்க வேறு ஊரில் இடம் கொடுத்தும் வேண்டாம் என்றாயாம்.

உன் கடிதத்தை முதலில் படித்த வார்டன் வழக்கம்போல் ஜன்னலில் தள்ளவில்லை. உள்ளே வந்து கையில் கொடுத்தார். நான் படித்து முடிக்கும்வரை போகவில்லை. அவரும் ஜெலேயின் ஊர்ப்பக்கம்தான். "அழுதுடுப்பா" என்றார். அழுகை வரவில்லை.

பரோல் குழுவில் ஒரு அம்மா கேட்டார்: "இந்த வீட்டுக்கா போகப் போறீங்க? வேற வீடே இல்லையா?" "இல்லம்மா. என் மகன் அங்கதான் இருக்கான்" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முத்திரை குத்தினார்கள். நவம்பர் ஆறாம் தேதி விடுகிறார்கள்.

மறுபடி குலுக்கல் வைக்கப் போவதாகவும் படித்தேன். இங்கே பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். என் பெயரையும் எழுதிப் போடச் சொல். எல்லோருக்கும் போடுகிற தாளில்.

என்னைக் கூட்டிப்போக வராதே. பெல்ட் சாலை வழியாக நடந்து வருவேன். அந்தத் தூணைப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து நீ ஆக்கி வைத்த களியைச் சாப்பிட்டுவிட்டு அவன் அறையில் படுப்பேன். விடிந்த பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இரவெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி வருகிறது, மறுநாள் வேறு மாதிரி. கதவைத் தாழிடுவதும் தாழிடாததும் உன் இஷ்டம்.

சுட்டவர்களில் இன்னொருவன் இன்னும் வெளியே இருக்கிறான். அவன் எனக்கு முன்னால் வந்துவிடலாம். அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். பயந்துபோய் எங்காவது ஓடிவிடாதே. உன்னைக் கூட்டிக்கொண்டு வர என்னைவிட்டால் ஆள் கிடையாது. விழுவதாக இருந்தால் எனக்குத் தெரிந்த இடத்தில் விழு.

நவம்பர் ஆறு வரை இரு.

தம்பி,
ஆமோஸ்